மதிப்பெண் எதை அளக்கிறது? தேர்வைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

அரையாண்டு இயற்பியல் தேர்வில் ஒரு மாணவிக்கு 78, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு 74. முதல் மாணவிக்குத்தான் இயற்பியல் கூடுதலாகத் தெரியும் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். கல்வி அளவீடு படித்தவரைக் கேட்டால் அப்படிச் சொல்லத் தயங்குவார். தாளைப் பார்க்க வேண்டும், யார் திருத்தினார் என்று தெரிய வேண்டும், அந்த நான்கு மார்க்கை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றும் கேட்பார்.

தேர்வு நியாயமானதா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். இந்தத் தாள் எதை அளக்கிறது? எவ்வளவு துல்லியமாக அளக்கிறது? அந்த எண்ணை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? பி.எட். பாடத்தில் முதலாவதற்கு ஏற்புடைமை என்றும் இரண்டாவதற்கு நம்பகத்தன்மை என்றும் பெயர். மூன்றாவதைப் பற்றி நம்மூரில் பேச்சே எழுவதில்லை. பெரிய அநியாயங்கள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன.

தாள் என்பது ஒரு மாதிரி

மூன்று மணி நேரத்தில் ஓராண்டுப் பாடம் முழுவதையும் கேட்க முடியாது. வினாத்தாள் தயாரிப்பவர் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுக்கிறார். எதை எடுத்தார் என்பதைப் பொறுத்து மார்க் எவ்வளவு ஆடும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

பத்துப் பாடங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவனுக்கு ஏழு பாடம் தலைகீழாகத் தெரியும், மூன்று பாடம் அறவே தெரியாது. நியாயமாக அவனுக்கு 70 வர வேண்டும். தாளில் ஐந்தே கேள்விகள், தலா 20 மார்க், ஐந்து வெவ்வேறு பாடங்களிலிருந்து, எந்த ஐந்து என்பது குலுக்கல் முறையில். பத்திலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 252 வழிகள் உள்ளன. அவற்றில் 21 வழிகளில் அவனுக்கு 100 கிடைக்கும், 105 வழிகளில் 80, இன்னொரு 105 வழிகளில் 60, மீதி 21 வழிகளில் 40. அதாவது பன்னிரண்டில் ஒரு தடவை பள்ளிக்கே சென்டம், பன்னிரண்டில் ஒரு தடவை "இவன் படிக்கவே இல்லை". அவனுக்கு உரிய 70 மட்டும் எந்த வழியிலும் வராது. அவனுடைய அறிவில் ஒரு துளிகூட மாறவில்லை. மாறியது தாள்தான்.

இதைச் சரிசெய்யும் வழி எளிது. கேள்விகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டலாம். பத்துப் பாடத்துக்கும் ஒவ்வொரு கேள்வி, தலா 10 மார்க் என்றால் அதே மாணவனுக்கு 70 வந்தே தீரும். ஒரு மார்க் கேள்விகளுக்கு இருக்கும் மரியாதைக்கு உண்மையான காரணம் இதுதான். சுலபம் என்பதற்காக அவற்றை வைப்பதில்லை, பாடப்பரப்பு முழுவதையும் தொட முடிகிறது என்பதற்காக வைக்கிறார்கள். ஆனால் ஒரு தேற்றத்தை நிறுவுவதையோ ஒரு சோதனையைத் திட்டமிடுவதையோ ஒரு மார்க்கில் கேட்க முடியாது. பரப்பைப் பிடித்தால் ஆழம் நழுவுகிறது, ஆழத்தைப் பிடித்தால் பரப்பு நழுவுகிறது. குறுவினா, சிறுவினா, நெடுவினா என்று தாளைப் பிரித்திருப்பது இரண்டையும் பாதியளவாவது பிடிக்கத்தான்.

"ஏதேனும் ஐந்தனுக்கு விடையளி" என்பது மாணவர்களுக்கு ஆறுதல், அளவீட்டுக்குக் கெடுதல். ஒவ்வொருவரும் வேறு வேறு ஐந்தைத் தேர்ந்தெடுத்த பிறகு எல்லோரும் ஒரே தேர்வைத்தான் எழுதினார்கள் என்று சொல்ல முடியாது.

கேள்வி எதைக் கேட்கிறது

ஒளிச்சேர்க்கை பற்றி இரண்டு கேள்விகள். முதலாவது: "தாவர செல்லில் ஒளிச்சேர்க்கை நடைபெறும் நுண்ணுறுப்பு எது?" பசுங்கணிகம் என்று எழுதினால் மார்க். இரண்டாவது: "ஒரு தொட்டிச் செடி இரண்டு நாள் இருட்டறையில் வைக்கப்பட்டது. பிறகு ஓர் இலையின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, செடியை ஆறு மணி நேரம் வெயிலில் வைத்தார்கள். அயோடின் சோதனையில் இலை எப்படித் தெரியும்? இருட்டறையில் வைக்காமல் நேராகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" முதலாவதற்கு ஞாபகம் போதும். இரண்டாவதற்கு, இலையில் ஏற்கெனவே சேர்ந்திருந்த ஸ்டார்ச் தீர வேண்டும் என்ற காரணம் புரிந்திருக்க வேண்டும். தீராவிட்டால் மூடிய பாதியும் கருநீலமாகி, சோதனை எதையும் காட்டாது.

இரண்டும் நல்ல கேள்விகளே. ஆனால் தாள் முழுவதும் முதல் வகையாக இருக்க, அந்த மார்க்கை "அறிவியல் புரிதல்" என்று படித்தால் அங்கே ஏற்புடைமை இல்லை. மேலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டாவது கேள்வியை அப்படியே கைடு புத்தகத்தில் போட்டு, பத்துத் தடவை எழுத வைத்துவிட்டால் அதுவும் ஞாபகக் கேள்வியாகிவிடும். கேள்வியின் தரம் தாளில் மட்டும் இல்லை, மாணவர் அதை முன்பு பார்த்திருக்கிறாரா என்பதிலும் இருக்கிறது. புக் பேக் வினாக்களை வரிசை எண்ணோடு மனப்பாடம் செய்த ஒருவரும், பார்க்காமலே யோசித்து எழுதிய ஒருவரும் ஒரே மார்க் வாங்கலாம்.

ஏற்புடைமையைக் கெடுக்கும் இன்னொன்று, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத தடைகள். கணிதக் கேள்வியை ஐந்து வரி ஆங்கில வாக்கியமாக எழுதினால் அது பாதி ஆங்கிலத் தேர்வு. தமிழில் எழுதுவோருக்கு மொழிபெயர்ப்பே தடையாகலாம். 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்கு தொடரப்பட்டது. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கூட்டித் தரும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை முதலில் நிறுத்திவைத்து, பிறகு ரத்து செய்தது. ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற விதி தகவல் கையேட்டில் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராது என்பதால் தமிழ்த் தாள் கேட்டவரிடம் ஆங்கிலத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள் என்று சொல்வது என்ன நியாயமோ! 180 கேள்விகளில் 49 என்பது கால் பங்குக்கும் மேல். அந்தப் பகுதி உயிரியலை அளந்ததா, மொழிபெயர்ப்பாளரின் கைவரிசையை அளந்ததா என்று பிரித்துச் சொல்லவே வழியில்லை. எல்லோருக்கும் 196 கொடுப்பதும் அளவீட்டு நோக்கில் மருந்தாகாது, ஏனென்றால் யார் எந்தக் கேள்வியில் தடுக்கி விழுந்தார் என்ற தகவல் அதில் இல்லை. சரியான வேலை தேர்வுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் பாட ஆசிரியர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமான முறை.

78 என்பது உண்மையில் 72 முதல் 84 வரை

இனி துல்லியம். அதே மாணவி அதே அளவு கடினமான இன்னொரு தாளை மறுநாள் எழுதினால் 78 வருமா? வராது. 75 வரலாம், 82 வரலாம். இந்த ஆட்டத்தின் அளவுக்குத் திட்டப்பிழை என்று பெயர். வகுப்பாசிரியரே இதைக் கணக்கிடலாம்.

தாளில் ஒற்றை எண் கேள்விகளின் மொத்தத்தையும் இரட்டை எண் கேள்விகளின் மொத்தத்தையும் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பத்திகளுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) பாருங்கள்; எக்செல் தாளில் ஒரே கட்டளை. அது 0.72 என்று வந்தால், அது பாதித் தாளின் நம்பகத்தன்மை. முழுத் தாளுக்கு மாற்ற, அதை இரண்டால் பெருக்கி, ஒன்றுடன் அதைக் கூட்டி வருவதால் வகுக்க வேண்டும்: 1.44-ஐ 1.72-ஆல் வகுத்தால் 0.84. பிறகு வகுப்பு மதிப்பெண்களின் திட்டவிலக்கம், அதாவது அவை சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு. அது 15 என்றால், ஒன்றிலிருந்து 0.84-ஐக் கழித்து (0.16), வர்க்கமூலம் எடுத்து (0.4), 15-ஆல் பெருக்கினால் 6. இதுதான் திட்டப்பிழை.

பொருள் இதுதான்: 78 வாங்கியவரின் உண்மையான நிலை 72-க்கும் 84-க்கும் இடையே இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. 74 வாங்கியவருக்கு 68 முதல் 80 வரை. இரண்டு வீச்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இரண்டு மார்க்கின் வித்தியாசத்துக்கு உள்ள பிழை இன்னும் பெரிது, ஏறக்குறைய 8.5. நான்கு மார்க் வித்தியாசம் அதில் பாதிகூட இல்லை. 0.84 என்பது மோசமான தாளின் எண்ணும் இல்லை, பள்ளித் தேர்வுக்கு நல்ல எண்தான்.

இதில் திருத்துபவரின் பங்கும் உண்டு. 1912-ல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆங்கில விடைத்தாளை அச்செடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு 64-லிருந்து 98 வரை மதிப்பெண் வந்தது. மொழிப்பாடம் என்பதால்தான் என்று சிலர் சொல்ல, அடுத்த ஆண்டே ஒரு வடிவியல் விடைத்தாளை அனுப்பினார்கள். அதில் சிதறல் இன்னும் அகலம். ஒருவர் படிக்குப் படி மார்க் போட, இன்னொருவர் விடை தப்பென்றால் சுழித்துவிட, மூன்றாமவர் கோணல் படத்துக்கு ஒரு மார்க் பிடுங்க, விளைவு அதுதான்.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு முகாம்களில் இதற்காகத்தான் விடைக்குறிப்பு தருகிறார்கள். பெயர் தெரியாதபடி முகப்புத் தாளைப் பிரித்துவிடுகிறார்கள். உதவித் தேர்வாளர் திருத்தியதை முதன்மைத் தேர்வாளர் மாதிரிக்குப் பார்க்கிறார், கூட்டலைக் கூர்ந்தாய்வாளர் சரிபார்க்கிறார். பெரும்பாலான கூட்டல் பிழைகள் இதில் பிடிபடும். பிடிபடாதது திருத்துபவரின் மனநிலை. மிக நல்ல தாள் ஒன்றைத் திருத்திய கையோடு சுமாரான தாள் வந்தால் அது மேலும் சுமாராகத் தெரியும். முத்து முத்தான கையெழுத்துக்கு அறியாமலே ஒரு மார்க் கூடும். முதல் இரண்டு விடைகள் பிரமாதமாக இருந்தால் மூன்றாவதைப் பாதி படித்ததும் டிக் விழும்.

பள்ளித் தேர்வில் இதைக் குறைக்க ஒரு செலவில்லாத வழி உண்டு: தாள் தாளாகத் திருத்தாமல் கேள்வி கேள்வியாகத் திருத்துவது. நாற்பது பேரின் 31-ஆவது கேள்வியை முழுக்க முடித்துவிட்டு, கட்டைக் கலைத்து அடுக்கி, பிறகு 32-க்குப் போக வேண்டும். கடைசியில் முதல் ஐந்து தாளை மறுபடி எடுத்துப் பார்த்தால், காலையில் இருந்த கண்டிப்பு மாலையில் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தெரியும்.

நான்கில் ஒன்று

திருத்துபவரின் மனநிலையே வேண்டாம் என்றுதான் கொள்குறி வினாக்கள் வந்தன. விடைக் கட்டத்தைக் கறுத்துத் தர, கணினி திருத்தும் ஓஎம்ஆர் தாளுக்குக் கோபதாபம் கிடையாது. அந்த மனநிலை இருந்த இடத்தில் யூகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான்கு விடைகள், எதிர்மதிப்பெண் இல்லை, 200 கேள்விகள். ஒன்றும் படிக்காதவர் கண்ணை மூடிக் கறுத்தாலும் சராசரியாக 50 சரியாகும். குலுக்கல் என்பதால் சிலருக்கு 40, சிலருக்கு 60. தேர்ச்சிக்கு 60 போதும் என்றால், கண்ணை மூடிக் கறுத்தவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் வரை தேறிவிடுவார்கள். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் இது விளையாட்டு இல்லை.

நீட் தேர்வில் சரிக்கு 4, தவறுக்குக் கழித்தல் 1. இது யூகத்தை ஒழித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. கண்ணை மூடிக் கறுத்தால் நான்கு தடவையில் ஒரு தடவை 4 வரும், மூன்று தடவை 1 போகும். நான்கு கேள்விக்கு நிகரம் 1, கேள்விக்குக் கால் மார்க் லாபம். லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்றாக வேண்டுமானால் தவறுக்கு ஒன்றே கால் தாண்டி, 1.33 கழிக்க வேண்டும். ஒரு விடையை மட்டும் "இது இருக்காது" என்று தள்ள முடிந்தால் லாபம் கேள்விக்கு 0.67. இரண்டைத் தள்ள முடிந்தால் 1.5.

இப்போது இரண்டு மாணவர்கள். இருவருக்கும் 100 கேள்விகள் நிச்சயமாகத் தெரியும், மீதி 80 சுத்தமாகத் தெரியாது. பயந்த சுபாவம் உள்ளவர் 80-ஐயும் விட்டுவிடுகிறார்: 400. துணிந்தவர் எல்லாவற்றையும் கறுக்கிறார்: சராசரியாக 420, அதிர்ஷ்டத்தைப் பொறுத்து 400 முதல் 440 வரை. இருவரின் அறிவும் ஒன்று. வித்தியாசம் துணிச்சலுக்கு, அல்லது இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த பயிற்சி மையத்துக்கு. தெரியாததைத் தொடாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை இங்கே நேர்மைக்கு அபராதம் கட்டுகிறது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2020-ல் ஐந்தாவதாக "விடை தெரியவில்லை" என்ற கட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் நோக்கம் காலியாக விட்ட கட்டங்களைப் பின்னால் யாரும் நிரப்பிவிடக் கூடாது என்பது. அந்த வேலைக்கு அது சரி. யூகத்தை அது குறைக்காது, ஏனென்றால் எதிர்மதிப்பெண் இல்லாத தாளில் அந்தக் கட்டத்தைக் கறுப்பதால் யாருக்கும் ஒரு மார்க்கும் மிஞ்சாது.

கேள்வியைத் திருத்துவது

விடைத்தாளைத் திருத்துவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அதற்குப் பிறகு கேள்வித்தாளைத் திருத்த வேண்டும். முறை பழையது, எளியது. நாற்பது பேர் வகுப்பில் மொத்த மதிப்பெண்படி முதல் 27 விழுக்காடு, அதாவது 11 பேர், ஒரு கட்டு. கடைசி 11 பேர் இன்னொரு கட்டு. ஒவ்வொரு கேள்வியையும் இந்த இரண்டு கட்டிலும் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணுங்கள்.

5-ஆவது கேள்வியை மேல்கட்டில் 9 பேர், கீழ்கட்டில் 3 பேர் சரியாக எழுதியிருந்தால் வித்தியாசம் 6. அதை 11-ஆல் வகுத்தால் 0.55. நல்ல கேள்வி, தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரிக்கிறது. 8-ஆவதை 22 பேருமே சரியாக எழுதினார்கள் என்றால் வித்தியாசம் பூஜ்யம். அது யாரையும் பிரிக்கவில்லை, பயம் போக்க முதலில் ஒன்றிரண்டு வைக்கலாம். 0.2-க்குக் கீழே வந்த கேள்விகளை மறுபடி வாசித்துப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது 12-ஆவதைப் போன்றவை: மேல்கட்டில் 4 பேர் சரி, கீழ்கட்டில் 6 பேர் சரி. நன்றாகப் படித்தவர்கள் தப்பாக எழுத, படிக்காதவர்கள் சரியாக எழுதுகிறார்கள். இப்படி வந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சந்தேகிக்க வேண்டும். அது சரியென்றால் கேள்விக்கு இன்னொரு விடையும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கூடுதலாக யோசிக்கத் தெரிந்தவர் அந்த இன்னொரு விடைக்குப் போயிருப்பார்.

ஒரே ஒரு கேள்வி என்ன செய்யும் என்பதை 2024 நீட் காட்டியது. இயற்பியலில் ஒரு கூற்று: ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்பவை. மத்திய அரசின் பழைய என்சிஇஆர்டி பாடப் புத்தகம் ஏறக்குறைய இப்படித்தான் சொன்னது. புதிய பதிப்பு "பெரும்பாலான தனிமங்களின்" என்று திருத்திக்கொண்டது, கதிரியக்கத் தனிமங்கள் இருக்கின்றனவே. அண்ணன், அக்காவின் பழைய புத்தகத்தில் படித்தவர்கள் ஒரு விடையைக் கறுத்தார்கள், புதியதைப் படித்தவர்கள் இன்னொன்றை. முதலில் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐஐடி நிபுணர்களைக் கேட்க, ஒரே விடைதான் சரி என்றார்கள். மற்றதைக் கறுத்தவர்களுக்கு 4 போய், கூடவே 1 கழிந்து, மொத்தம் 5 இறங்கியது. 720-க்கு 720 வாங்கியவர்களில் 44 பேர் அந்த ஒரு கேள்வியால் கீழே வந்தார்கள். முதலில் 67 ஆக இருந்த முழு மதிப்பெண் பட்டியல், நேரம் இழந்த சிலருக்கு நடந்த மறுதேர்வும் இந்தத் திருத்தமும் முடிந்தபோது 17 ஆனது.

வேறு வேறு தாள்களை ஒப்பிடுவது

கணிதத்தில் 75-ம் வணிகக் கல்வியில் 80-ம் ஒன்றா? ஒன்றாக்க ஒரு வழி இலங்கையில் இருக்கிறது. அங்கே பள்ளி முடிவில் வரும் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் பல்கலைக்கழகம் போக, மூன்று பாடங்களின் இசட் புள்ளிச் சராசரியைப் பார்க்கிறார்கள். மதிப்பெண்ணிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, திட்டவிலக்கத்தால் வகுத்தால் இசட் புள்ளி. கணிதச் சராசரி 45, திட்டவிலக்கம் 15 என்றால் 75-க்கு இசட் 2. இன்னொரு பாடத்தின் சராசரி 65, விலக்கம் 10 என்றால் அங்கே 80-க்கு 1.5 தான். கடினமான தாளில் வாங்கிய 75 மேலே போய்விட்டது.

இலங்கைத் தமிழர்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை. 1970-களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்ற பெயரில் மருத்துவத்துக்கு 400-க்குத் தமிழ் மாணவர்கள் 250 எடுக்க வேண்டும், சிங்கள மாணவர்களுக்கு 229 போதும் என்று வெட்டுப்புள்ளி வைத்தார்கள். ஒரே பரீட்சை, எழுதிய மொழிக்கு ஏற்ப வேறு வாசல். சூத்திரம் எதுவும் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரை ஒரு குழு என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதில் அரசியல் உள்ளே வந்துவிடுகிறது. இன்றைய முறையிலும் பெரும்பாலான படிப்புகளின் இடங்களில் 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்ட மக்கள்தொகைக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

இசட் புள்ளிக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒப்பிடும் குழுக்கள் ஏறக்குறைய சமமான திறமை உள்ளவையாக இருக்க வேண்டும். 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டக்காரர்களும் புதிய பாடத்திட்டக்காரர்களும் வேறு வேறு தாள் எழுதினார்கள். இரு குழுவையும் சேர்த்துப் புள்ளி போட்டதால் பெரும் குழப்பம் வந்து, 2012-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தனித்தனியே கணக்கிடச் சொன்னது. இந்தியாவில் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் பல வேளைகளில் நடக்கும் தாள்களை விழுக்காட்டு நிலையாக மாற்றுகிறார்கள். உங்கள் வேளையில் ஒரு லட்சம் பேர் எழுதி, 95,000 பேர் உங்கள் மதிப்பெண்ணிலோ அதற்குக் கீழோ இருந்தால் உங்களுக்கு 95. அங்கே யார் எந்த வேளை என்பது குலுக்கலில் போவதால் நிபந்தனை ஓரளவு பொருந்துகிறது.

பொருந்தாத இடத்தில் சூத்திரத்தைப் போட்டால் விசித்திரமான எண்கள் வரும். 2024 நீட்டில் சில மையங்களில் நேரம் இழந்த 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தபோது சிலருக்கு 718, 719 வந்தது. நான்கு கூட்டி ஒன்று கழிக்கும் தேர்வில் 720-க்கு அடுத்து 716 தான் வர முடியும், ஒன்றைத் தவறாகக் கறுத்தால் 715. 719 என்பது அந்தத் தேர்வில் இல்லாத எண். பிறகு அந்த மதிப்பெண்கள் திரும்பப் பெறப்பட்டு, விரும்பியவர்களுக்கு மறுதேர்வு நடந்தது.

கத்தி விழும் இடம்

திட்டப்பிழை 6 உள்ள தேர்வு பயனற்றது என்று அர்த்தமில்லை. 35-க்கும் 85-க்கும் உள்ள வித்தியாசத்தை அது தெளிவாகவே காட்டும். பொறியியல் கட் ஆஃபில் 197.5-க்கும் 197-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டாது. விறகுக்கடைத் தராசில் தங்கம் நிறுப்பது போன்றது அது, தராசின்மேல் குற்றமில்லை.

பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள். ஒரே கட் ஆஃப் பலருக்கு வரும்போது பாட மதிப்பெண், பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு, பிறந்த தேதி என்று இறங்கி, கடைசியில் ரேண்டம் எண்ணில் முடிக்கிறார்கள். ரேண்டம் எண்ணைப் பலர் கேலி செய்கிறார்கள். உண்மையில் அந்தப் பட்டியலிலேயே ஒளிவுமறைவு இல்லாத படி அதுதான். இதற்கு மேல் பிரிக்க எங்களிடம் தகவல் இல்லை, சீட்டுக் குலுக்குகிறோம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. அரை மார்க்கில் பிரிக்கும்போதும் பெரும்பாலும் நடப்பது குலுக்கல்தான், திறமை என்ற பெயரில்.

நீட்டில் இருவர் ஒரே மதிப்பெண் வாங்கினாலும் அது ஒரே செய்தியைச் சொல்லாமல் போகலாம். ஓராண்டு வேலைவெட்டி இல்லாமல் பயிற்சி மையத்தில் உட்கார்ந்து எழுதியவரின் 500-ம், அரசுப் பள்ளியில் படித்து முதல் தடவையே எழுதியவரின் 500-ம் இன்றைய தயார்நிலையைச் சமமாகக் காட்டலாம். ஐந்தாண்டுப் படிப்பில் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை அப்படிக் காட்டும் என்று சொல்ல முடியாது. 2020-ல் தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்ததன் பின்னால் உள்ள அளவீட்டு நியாயம் இது.

மதிப்பெண்ணை வைத்து எடுக்கும் முடிவு கடுமையாக ஆக ஆக, அந்த மதிப்பெண்ணே கெடத் தொடங்கும். பிளஸ் டூ மார்க் மட்டுமே கல்லூரி வாசலைத் திறந்த காலத்தில், பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகத்தையே நடத்தின. மார்க் ஏறியது, அடித்தளம் காலியாக இருந்தது. 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது அதனால்தான். அடுத்த ஆண்டே உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று மாற்றினார்கள், பாதி மருந்து கொட்டிப் போனது.

தேர்வே வேண்டாம் என்றால்? 2021-ல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டினார்கள். பத்தாம் வகுப்பில் சுமாராக எழுதி, பிளஸ் டூவில் விழித்துக்கொண்டு படித்த பிள்ளைக்கு அதைக் காட்ட இடமே இல்லாமல் போனது. தெரியாத திருத்துநர் ஒருவர் பெயர் பார்க்காமல் போடும் மார்க்குக்கு அதன் குறைகளோடும் ஒரு மதிப்பு உண்டு. சாதி, தெரு, அப்பா என்ன வேலை என்பதெல்லாம் அந்தத் தாளில் தெரிவதில்லை.

கையில் விடைத்தாள் வந்தால்

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று. பொதுத்தேர்வு என்றால் மதிப்பெண் எதிர்பார்த்ததற்கு மிகக் குறைவாக வந்த பாடத்துக்கு விடைத்தாள் நகல் வாங்குங்கள். நகல் வாங்கியவர்களே மறுமதிப்பீடு கேட்க முடியும், நாட்களும் மிகக் குறைவு. முதலில் மார்க் போடாமல் விட்ட பக்கம் உண்டா, உள்ளே போட்டது முகப்புக்கு வந்திருக்கிறதா, கூட்டல் சரியா என்று பாருங்கள். இவை மறுகூட்டலிலேயே தீரும்.

பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து, இழந்த மதிப்பெண்களை மூன்றாகப் பிரியுங்கள். உண்மையிலேயே தெரியாதது ஒரு பக்கம். தெரிந்தும் அலகு போடாமல், படி எழுதாமல், நேரமில்லாமல் விட்டது ஒரு பக்கம். சரியாக எழுதியும் விடைக்குறிப்போடு ஒத்துப்போகாததால் கிடைக்காதது ஒரு பக்கம். மூன்றாவது பக்கத்தில் கணிசமாக இருந்தால், விடைக்குறிப்பை வைத்துப் பாட ஆசிரியர் ஒருவரிடம் காட்டிவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் போடலாம். இரண்டாவது பக்கத்துக்கு, நேரம் வைத்துப் பழைய வினாத்தாள் எழுதிப் பார்ப்பதே தீர்வு. முதல் பக்கத்தில் இருப்பதற்குத்தான் மறுபடி பாடப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.